மூன்றைப் பூச்சியமாக்குதல்

வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
மருந்துக்கடையின் கடைசிப் பொதியை
ட்ரான்ஸ்கோனாவில் திருமதி கோஸ்டுக்கிடம் கொடுத்தேன்.
காலை எட்டுக்கே முதல் ஆளாய்ப் போன் எடுத்தவர்.
ஒன்றும் சொல்லவில்லை,
சுவர் மணிக்கூட்டை மட்டும் ஒருதரம் பார்த்தார்.

வீடு வந்து கார் வயரைச் சுவரில் செருகினேன்.
இந்த ஊரில் காரும்
இரவெல்லாம் மின்சாரம் குடித்தால்தான் விடிய எழும்பும்.

நிலவறையில் நாற்பது டொலர்க் கணினி.
மூடிய பள்ளிக்கூடமொன்றின் ஏலத்தில் எடுத்தது,
முதுகில் இன்னமும் ‘அறை 114’.
கௌசலை அதில்தான் கணக்கியல் படிக்கிறாள்.
சுவிட்சைத் தட்டிவிட்டுப்
பிட்டுக்கு மாக் குழைத்து அவியவைத்து
கை துடைத்துக்கொண்டு வந்தாலும்
வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.
“உதைத் தூக்கி எறியுங்கோவன்.”
சொல்வாளே தவிர எறியமாட்டாள்.
பரீட்சைக் காசு போன கிழமைதான் கட்டினோம்.

வட்டில் பிழையில்லை.
பழைய ஐடிஈ முறையிலேயே
யாரோ விட்டுப் போயிருக்கிறார்கள்:
ஒன்றைக் கேள், வரும்வரை நில், பிறகு அடுத்ததைக் கேள்.
ஏஎச்சிஐ அப்படியில்லையாம்.
முப்பத்திரண்டு கேள்விகளை ஒன்றாய் வாங்கிக்கொண்டு
எது கிட்ட, எது போகிற வழியில் என்று பார்த்து
சுழல்கிற சுழற்சியிலேயே அள்ளி வருமாம்.
வாசித்துவிட்டுச் சிரித்தேன்.
சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்வதும் அதுதானே.

எஃப் இரண்டை அழுத்தினேன். மாற்றினேன். சேமித்தேன்.
லோகோ.
நீலம்.
இருட்டு, லோகோ, மறுபடி நீலம்.
கண் எட்டுமுன் மறைகிற எழுத்தைப்
போனில் படம் பிடித்து நிறுத்தி வாசித்தேன்:
எழுப்ப வேண்டிய வட்டை எட்ட முடியவில்லை.
படியில் கௌசலை.
“என்ர அசைன்மென்ட் உள்ளுக்கை கிடக்கு.”

பழைய முறைக்கே திருப்பினேன்.
ஆடி அசைந்து எழும்பியது, ஒன்றும் நடவாததுபோல.
யூஎஸ்பியில் பிரதி எடுத்துக்கொண்டு
பேசாமல் மேலே போனாள்.
அந்தப் பேசாமைக்கு நீலத்திரை எவ்வளவோ மேல்.

பிறகுதான் விளங்கியது.
புது முறையில் வட்டைத் திறக்கத் தெரிந்த டிரைவர்
அந்த வட்டுக்குள்ளேதான் படுத்திருக்கிறது.
திறப்பைப் பெட்டிக்குள் போட்டுப்
பெட்டியைப் பூட்டிய கதை.
ரெஜிஸ்ட்ரியின் ஆழத்தில் அதன் பெயருக்கு நேரே
ஸ்டார்ட்: மூன்று.
மூன்று என்றால், கூப்பிட்டால் வருவேன்.
பூச்சியம் என்றால், கண் விழிக்கும்போதே கூட நிற்பேன்.
கூப்பிட ஆள் உள்ளே போக வேண்டுமே,
அதற்குத்தானே கதவு.

மூன்றை அழித்தேன். பூச்சியம் போட்டேன்.
உடனே அணைக்கவில்லை,
ஹீட்டர் ஒருமுறை மூச்சுவிட்டு ஓயும்வரை
கையை எடுத்து மடியில் வைத்திருந்தேன்.
பிறகு எஃப் இரண்டு. ஏஎச்சிஐ.
லோகோ.
இருட்டு. கொஞ்சம் நீளமான இருட்டு.
எழும்பியது.
எழும்பி, புதுச் சாமான் ஒன்றைக் கண்டதாகச் சொல்லி
இன்னொரு தரம் படுத்தெழும்ப அனுமதி கேட்டது.
போன் கடிகாரத்தில் அளந்தேன்:
நாற்பது வினாடி மிச்சம்.
நாற்பதே நாற்பது.
இரவு இரண்டு மணிக்கு அதை யாரிடம் சொல்வது?

விடிய, கௌசலை சுவிட்சைத் தட்டிவிட்டு
பழக்கத்தில் குசினிக்குப் போனாள்.
திரும்பி வருகையில் அது
அவளுக்காகக் காத்திருந்து, அலுத்து,
திரையை இருட்டாக்கிவிட்டிருந்தது.
“திரும்பவும் செத்துப்போச்சு” என்றாள்.
மவுஸைத் தொடச் சொன்னேன்.

எட்டு மணி. முதல் அழைப்பு ட்ரான்ஸ்கோனா.
இருபத்தாறு பொதிகளைக் காரில் அடுக்கும்போது
திருமதி கோஸ்டுக்கின் பையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.
பார்த்துக்கொண்டு நின்றேன்.
மூக்குமயிர் உறைந்தது.
பையை எடுத்து மறுபடி அடியில் வைத்தேன்.